பாடசாலையிலேயே கல்லூரிக் கிரெடிட்: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

அமெரிக்காவில் வாழும் எம் உறவுகளின் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட் பெறுகின்றனர். இது எமது சாதாரணதரத் திறமைச் சித்தி அல்ல. பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு. இளமாணிப் பட்டத்துக்கு வழமையாக 120 கிரெடிட் தேவை. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். முன்கூட்டியே பெற்றால் கட்டணமும் காலமும் மிச்சமாகும்.

ஏ.பி. பரீட்சை

காலேஜ் போர்ட் நடத்தும் இப்பரீட்சைக்கு 1 முதல் 5 வரை புள்ளி வழங்கப்படும். புளோரிடாவின் அரச கல்லூரிகள் 3 புள்ளிக்கே கிரெடிட் வழங்குகின்றன. டார்ட்மத் கல்லூரியோ 2014இல் சேர்ந்தவர்கள் முதல் ஏ.பி.க்குக் கிரெடிட் வழங்குவதில்லை. குறைந்த புள்ளி கல்லூரிச் சராசரியைப் பாதிக்காது.

இரட்டைப் பதிவு

பாடசாலை மாணவர் கல்லூரிப் பாடத்தையே பயில்வது இது. பெறுபேறு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அது கணக்கிடப்படும். ஆகவே இயலாத பாடத்தை உரிய திகதிக்குள் கைவிடுவது நல்லது.

மாற்றும்போது

ஒரே மாநில அரச கல்லூரிகளுக்கிடையே மாற்றுவது எளிது. டெக்சாஸில் 42 கிரெடிட் கொண்ட பொதுப் பாடத்தொகுதியை முடித்தால் ஏனைய அரச பல்கலைக்கழகங்கள் ஏற்கவேண்டும். தனியார், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் தாமே தீர்மானிக்கும்.

கிரெடிட் ஏற்கப்பட்டாலும் அது பிரதான பாடத்துக்கன்றி விருப்பப் பாடமாக மட்டும் கணக்கிடப்படலாம். எனவே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் எனச் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். பாடத்திட்டப் பிரதியைப் பாதுகாத்து வையுங்கள். பாடசாலைச் சான்றிதழ் போதாது. கல்லூரியிலிருந்தே பெறுபேற்று ஆவணத்தை அனுப்புவிக்க வேண்டும்.