வண்டியின் பின்புறம்

மூச்சு ஒழுங்காக வந்து போகிற வரையில் அதை யாரும் நினைப்பதில்லை. அது தடுமாறிவிட்டாலோ, வேறு எதையுமே நினைக்க முடிவதில்லை. பிராணவாயு கிடைக்காத மூளை ஐந்தாறு நிமிஷங்களில் கெடத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரியது என்பது அப்புறம். அங்கே போய்ச் சேரும் வரையில் பக்கத்தில் இருப்பது யார்?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஓர் உருக்கு நகரம். 1960களில் அங்கே நோயாளியை ஏற்றிப் போக வந்தது பெரும்பாலும் போலீஸ் வண்டி. வேறு பல ஊர்களில் சவ அடக்கம் செய்கிறவர்களின் வண்டியே வந்ததாம்! போலீஸ்காரர்கள் இருவரும் முன்னால் ஏறிக்கொள்வார்கள். நோயாளி பின்புறம் தனியாகக் கிடப்பார். நினைவு தப்பியவருக்கு அவருடைய நாக்கே யமன். பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். அதை விலக்கத் தெரிந்த கை ஒன்று அந்த வண்டியில் இல்லை.

அதே ஊரில் பீட்டர் சாஃபர் என்ற டாக்டர் இருந்தார். வியன்னாவில் பிறந்தவர், மயக்க மருந்து நிபுணர். தலையைப் பின்னால் சாய்த்து, வாயோடு வாய் வைத்து ஊதினால் நின்ற மூச்சையும் நடத்தலாம் என்று 1950களில் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர். அவருடைய மகளே 1966ல் ஆஸ்துமாவுக்குப் பலியானாள். எங்களைப் போன்ற கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் விதி என்று எழுதி முடித்துவிடுவோம். அவர் அதோடு விடவில்லை.

நகரத்தின் ஹில் பகுதியில் கறுப்பர்களுக்கு வேலைக்கு வழிசெய்ய முயன்ற ‘ஃபிரீடம் ஹவுஸ்’ என்ற அமைப்போடு 1967ல் அவர் சேர்ந்துகொண்டார். வந்த இளைஞர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். சிலர் வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள். சிலர் சிறை கண்டவர்கள். ‘எதற்கும் லாயக்கில்லை’ என்று ஊர் ஒதுக்கிய அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரம் பாடம் நடந்தது. அடைத்த தொண்டையைத் திறக்கவும், காற்றுப் பையை அளவாக அழுத்தவும் கற்றார்கள். மூச்சு வாங்குகிறவரை வம்பாகப் படுக்க வைக்காமல், உட்காரவைத்து, தைரியம் சொல்வதும் இந்தத் தொழிலில் ஒரு வைத்தியம்தான்.

1968ல் வண்டிகள் ஓடத் தொடங்கின. முதல் வருஷத்தில் மட்டும் 5,800 அழைப்புகளுக்கு மேல். பிழைத்தவர்கள் சுமார் 200 பேர் என்று சாஃபர் கணக்கிட்டார். பின்னர் நான்சி கரோலின் என்ற பெண் டாக்டர் பொறுப்பேற்று, மூச்சுக் குழாயில் ரப்பர்க் குழாய் செலுத்துகிற வித்தையையும் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1979ல் அவர் வெளியிட்ட நூல் இந்தத் தொழிலுக்குப் பாடப் புத்தகமாயிற்று.

ஆனால், பாடம் பிறந்த இடம்? 1975ல் நகரசபை தானே ஆம்புலன்ஸ் நடத்தத் தொடங்கியது; ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. புதிய சேவையில் பெரும்பாலோர் வெள்ளையர். பழையவர்களில் பலர் சில வருஷங்களுக்குள் வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். தாக்குப்பிடித்த ஜான் மூன் என்பவர் படிப்படியாக உயர்ந்து, அந்தச் சேவையின் உதவித் தலைவரானார்.

சரித்திரம் நன்றி கெட்டது என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆனாலும் ஒன்றை அவர்களிடமிருந்து யாரும் பிடுங்கிவிட முடியவில்லை. நோயாளியை ஏற்றியதும் முன்னால் போய் உட்காராமல், அவரோடு கூடவே பின்புறம் ஏறுகிறானே ஒருவன், அந்த வழக்கத்தை வேரூன்றச் செய்தவர்களில் அவர்களும் உண்டு.