எப்போதும் கடமையில்: பொலிஸ்காரரின் லீவுக்குப் பின்னால் ஒரு வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

2021 டிசம்பர் 24 இரவு திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சார்ஜன்ட் தன்னோடு வேலை செய்தவர்களையே சுட்டார். நான்கு பொலிஸார் இறந்தார்கள், இன்னும் சிலர் காயப்பட்டார்கள். சுட்டவர் எத்திமலை பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்தார். லீவு கேட்டுக் கிடைக்காததுதான் காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின.

"லீவுக்காக ஆளைச் சுடுவதா?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எந்தக் காரணமும் அந்தக் கொலைகளை நியாயப்படுத்தாது. ஆனால் வரலாறு படிப்பிக்கும் எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு பொலிஸ் உத்தியோகத்தருக்கு லீவு எப்படி இவ்வளவு பெரிய விசயமானது?

பதிலைத் தேடினால் 1865க்குப் போக வேண்டும். நம் நாட்டுப் பொலிஸ் இன்றும் இயங்குவது அந்த ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். அதன் 56ஆம் பிரிவு, ஒவ்வொரு பொலிஸ் உத்தியோகத்தரும் எப்போதும் கடமையில் இருப்பவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவுக்கு வெள்ளைக்காரன் 1861இல் போட்ட பொலிஸ் சட்டத்திலும் இதே கருத்து இருக்கிறது. காலனி ஆட்சிக்குத் தேவைப்பட்டது, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கும் படை. அவனுக்கும் வீடு உண்டு, உம்மா வாப்பா, பெண்டாட்டி பிள்ளை உண்டு என்பது அந்தக் கணக்கில் இல்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருசம். அந்த வரி அப்படியே இருக்கிறது.

அடுத்தது, நம் மண்ணிலேயே நடந்தது. 1990 ஜூன் 11இல் கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றி வளைத்தார்கள். சண்டை பிடிக்காமல் சரணடையுங்கள் என்று கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. சரணடைந்தவர்களில் 600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிங்களவரும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பலர் கொல்லப்பட்ட றூபஸ்குளம் காடு இருப்பது இதே திருக்கோவில் பக்கம்தான். அந்த வருசம் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் சத்துருக்கொண்டானிலும் என்ன நடந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு கிழக்கில் பொலிஸ் நிலையம் என்றால் மண்மூட்டை, காவலரண், முள்ளுக்கம்பி என்றானது. முறைப்பாடு எழுத வேண்டியவன் துவக்கோடு இரவு முழுக்க விழித்திருந்தான். மக்கள் அவனுக்குப் பயந்தார்கள், அவன் மக்களுக்குப் பயந்தான். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே பழுகாமம், வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் அரச பொலிஸோடு சாதாரணமாகப் பேசிப் பழகத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான்.

யுத்தம் முடிந்தும் பயம் முடியவில்லை. 2018 நவம்பர் 30 அதிகாலை, வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரவுக் கடமையில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த பிறகுதான், செய்தவர்கள் சஹ்ரானின் ஆட்கள் என்பது வெளியே வந்தது. நம் சமூகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் செய்த கொலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு தமிழ்க் குடும்பம் தண்டனை அனுபவித்தது. முஸ்லிம்களாகிய நாம் இதை மறக்கக்கூடாது.

இந்தக் கொலைகளுக்குப் பிறகும் அதே மாதிரிச் சாவடிகளில் மற்றப் பொலிஸார் இரவுக் கடமைக்கு நின்றார்கள். அவர்களில் பலருக்கு ஊர் காலி, குருநாகல், பதுளை. வீட்டுக்குப் போய் வரவே லீவில் இரண்டு நாள் பஸ்ஸில் போய்விடும். தேர்தல், திருவிழா, ஆர்ப்பாட்டம் என்றால் அந்த லீவும் ரத்து. சுற்றியுள்ள சனத்தின் மொழியும் பலருக்குத் தெரியாது. மனம்விட்டுப் பேச யாருமில்லை. மேலதிகாரியிடம் "எனக்கு ஏலாது" என்று சொன்னால் கோழை என்ற பெயர்தான் மிஞ்சும்.

யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் யுத்தம் நம் சனத்துக்குத் தந்த காயத்தை 'மனவடு' என்று எழுதினார். காக்கிச் சட்டைக்குள்ளும் அதே வடு இருக்கலாம் என்று நாம் யோசித்ததே இல்லை.

"அவன் களைத்தால் எனக்கென்ன?" என்று கேட்கலாம். நித்திரையில்லாதவனுக்கு முதலில் போவது பொறுமை. முறைப்பாடு கொண்டுபோகும் தாயிடம் எரிந்து விழுவதும், விசாரிக்க முன் கை நீட்டுவதும், சரியான ஆளைத் தேடாமல் கிடைத்த ஆளைப் பிடிப்பதும் அந்த இடத்தில் சுலபமாகிவிடும். வீட்டில் குடியும் சண்டையும் கூடும். அடித்தவனுக்கு நெருக்கீடு இருந்தது என்பதற்காக அடி சரியாகிவிடாது. அடிபட்டவருக்கு நீதி கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவரைத் தண்டித்துவிட்டு, அதே முறையில் அடுத்தவரை அந்தக் கதிரையில் இருத்தினால் மறுபடியும் அதுதான் நடக்கும்.

இது மாற்ற முடியாததல்ல. இந்தியாவில் 2019இல் வந்த ஓர் ஆய்வு, அங்கே பொலிஸார் சராசரியாக நாளுக்கு 14 மணித்தியாலம் வேலை செய்வதாகக் காட்டியது. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று ஆணையே போட்டது. ஆணை முழுதாக நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் ஓய்வு உரிமை என்று எழுத்தில் வந்துவிட்டது. நம் நாட்டில் அந்தப் பேச்சாவது தொடங்க வேண்டும். லீவு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மனம் சரியில்லை என்று சொல்பவரிடமிருந்து துவக்கை வாங்கி வைத்துவிட்டு, பதவி உயர்வில் கைவைக்காமல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். தமிழ் பேசும் இளைஞர்கள் கூடுதலாகச் சேர்ந்து, சொந்த மாகாணத்தில் வேலை செய்ய வழி வேண்டும்.

சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் கசிப்பு, களவு பற்றி மட்டும் பேசாமல், "இந்த நிலையத்தில் எத்தனை பேர் வேலை, எத்தனை நாள் லீவு?" என்றும் கேளுங்கள். அவர்களுக்காக மட்டுமல்ல, நம் பிள்ளை ஒரு நாள் அந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டி வரலாம், அதற்காகவும்தான்.

பொலிஸில் இருக்கும் அல்லது இருந்து ஓய்வுபெற்ற நம்ம ஊர் ஆட்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள். நான் தவறவிட்டதை அவர்கள் சொல்லட்டும். மனம் பாரமாக இருப்பவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல இலக்கம் இருக்கிறது. சீருடை போட்டவரும் அழைக்கலாம்.