ரூபாய்க்குப் பதினாறு அணா

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி ஏதாவது கிடக்கிறதா? கோவை, பொள்ளாச்சி, ஈரோட்டுப் பக்கம் மூணு நாலு தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் என்றால், அதற்குள் அம்மிச்சியின் சுருக்குப் பை ஒன்றும் இருக்கக்கூடும். அவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். நடுவில் ஓட்டை போட்ட செப்புக் காசு. பூவிதழ் மாதிரி விளிம்பு வளைந்த காசு. மூலை மழுங்கிய சதுரக் காசு. எல்லாமே செல்லாக் காசுகள்தான். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

ஓட்டைக் காசு காலணா. 1943 முதல் 1947 வரை அச்சடித்தது. உலகப் போர் நடந்த நேரம், தாமிரத்துக்குத் தட்டுப்பாடு. நடுவில் துளை போட்டால் உலோகம் மிச்சமாகுமே! சதுரமாக இருப்பது அரையணா அல்லது இரண்டணா. வளைந்த விளிம்பு ஓரணா. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இருட்டில் விரலால் தடவியே 'இது இன்ன காசு' என்று சொல்லிவிடுவார்.

கணக்கு என்ன? பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. நாலு காலணாவும் ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். இதென்ன தலைவலிக் கணக்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழனுக்கு இதுதான் சுலபம். ரூபாயில் பாதி எட்டணா, அதாவது அரை. அதில் பாதி நாலணா, கால். இன்னும் பாதி இரண்டணா, அரைக்கால். அதிலும் பாதி ஓரணா, மாகாணி. நம்ம ஊர் வாய்ப்பாடும் வெள்ளைக்காரன் அடித்த காசும் அப்படியே பொருந்திப் போயின. மஞ்சள் மூட்டைக்கும் பருத்திப் பொதிக்கும் பேப்பர், பென்சில் இல்லாமல் மனசுக்குள்ளேயே விலை போட முடிந்தது இதனால்தான்.

1957 ஏப்ரல் 1. அன்று இந்தக் கணக்குக்கு முடிவு வந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றது அரசாங்கம். 1955-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. பழைய காசும் புதுக் காசும் கொஞ்ச காலம் சேர்ந்தே புழங்கின. அங்கேதான் குழப்பம். நாலணா இருபத்தைந்து பைசா, சரி. ஓரணா? ஆறேகால் பைசா! கால் பைசாவுக்கு எங்கே போவது? அரைப் பைசாவோ அதற்குக் குறைவோ என்றால் விட்டுவிடு, அதற்கு மேல் போனால் ஒரு பைசாவாக ஆக்கு என்று விதி செய்தார்கள். அதன்படி ஓரணா ஆறு பைசா, இரண்டணா பன்னிரண்டு, மூணணா பத்தொன்பது. நாலு ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் கையில் இருபத்து நாலு பைசா. மொத்தமாக மாற்றினால் இருபத்தைந்து. ஒரு பைசா எங்கே போச்சு? தினக்கூலி வாங்குகிறவருக்கு அந்த ஒரு பைசாவும் பெரிசுதானே!

1964-ல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆனாலும் நம் வாய் மாறவில்லை. இருபத்தைந்து பைசா நாலணாதான், ஐம்பது பைசா எட்டணாதான். 2011 ஜூன் 30-ல் இருபத்தைந்து பைசாவும் செல்லாமல் போனது. 'காலணா பிரயோஜனமில்லை' என்று திட்டுவது மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது.

சரி, இந்தக் காசுகளுக்கு இப்போது என்ன விலை? 'பழைய காசு கொடுங்கள், லட்சம் தருகிறோம், அதற்கு முன்னால் கமிஷன் கட்டுங்கள்' என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. காலணாவெல்லாம் ஏராளமாக அச்சடித்த காசு. எங்கும் கிடைப்பதற்கு யார் லட்சம் கொடுப்பார்கள்? இன்னொன்று, பளபளப்பு வரட்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் சீந்த மாட்டார்கள்.

காசைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. கோவைக்குப் பக்கத்திலே வெள்ளலூரில் 1842-ல் ஒரு புதையல் கிடைத்தது. 522 ரோமானிய வெள்ளிக் காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. தலை யாருடையது என்று சொல்லிவிடலாம். புதைத்தது யார்? எதை விற்றுச் சம்பாதித்தார்? ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை? கேட்பதற்கு ஆள் இல்லை.

உங்கள் சுருக்குப் பைக்கு ஆள் இருக்கிறார்களே! 1957-ல் பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டி இருக்கும். ஓரணாவுக்கு என்ன வாங்கினீர்கள், மில் கூலி எத்தனை அணா, மாகாணி வாய்ப்பாடு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று உங்கள் அப்பிச்சியிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, தேதி போட்டு, அந்தப் பைக்குள்ளேயே வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப் போட வேண்டாம்.