நியூட்ரல் ஏன் ஒல்லியாக இருக்கிறது?

உங்க அப்பார்ட்மென்ட் மெயின் போர்டுல சிவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு ஃபேஸ் வயர், கூடவே ஒரு கருப்பு நியூட்ரல் இருக்கும். கரண்ட் போனதும் அதுல ஒரு சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரை மாட்டினா என்ன ஆகும்? இந்தக் கேள்வி என்னை 1891-க்குக் கூட்டிட்டுப் போச்சு.

அந்த வருஷம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு மின்சாரக் கண்காட்சி. நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள லாஃபன் ஊரில் தயாரான மின்சாரம் 175 கிலோமீட்டர் கடந்து அங்கே வந்தது. ஆயிரம் விளக்குகள் எரிந்தன. ஒரு மோட்டார் தண்ணீரை மேலேற்றி செயற்கை அருவியாகக் கொட்டியது. அந்த மோட்டாரின் மூளை, ஏஇஜி நிறுவனப் பொறியாளர் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி.

கணக்கு ரொம்ப சிம்பிள். மூன்று மின் அலைகள், ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்று தள்ளி வரும். லோடு சமமாக இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். நியூட்ரலில் கரண்டே ஓடாது. அதனால்தான் நம்ம ஊர்ல 'மூன்றரை கோர்' கேபிள் விற்கிறார்கள். அந்த அரைதான் நியூட்ரல். அலைகள் வரிசையாக வருவதால் மோட்டாருக்குள் காந்தப்புலமும் தானே சுற்றும்.

இப்ப 2012-க்கு வாங்க. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல மின்வெட்டு. தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம். மூணு ஃபேஸையும் ஒண்ணா முறுக்கி சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரில் கொடுத்தால் எல்லா வீட்டிலும் லைட் எரியும். ஆனா 1891-இன் கணக்கு அங்கே செத்துப்போகும். ஃபேஸுக்கு 20 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் பூஜ்யம் இல்லை, 60. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் அவ்வளவு தராது. 15 கேவிஏ செட் தரும். ஒல்லி வயர் சூடாகி உருகும். லிஃப்ட், த்ரீ ஃபேஸ் பம்ப் சுற்றாமல் சும்மா கிடக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து தெருவில் இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். 11,000 வோல்ட்டை வீட்டுக்காகக் குறைக்கிற அதே பெட்டி, மெயினை ஆஃப் பண்ணாம நீங்க உள்ளே தள்ளும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றி லைனுக்கு அனுப்பும். சப்ளை இல்லைன்னு நம்பி கம்பத்தில் ஏறின லைன்மேன் கையில் அது போய் நிற்கும்.

இதைத் தடுக்கும் சாமான் பழசுதான்: ஃபோர் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஈபி, ஜெனரேட்டர் ரெண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. நியூட்ரலும் சேர்ந்தே மாறும். என்னைக் கேட்டால், ஜெனரேட்டர் வாடகையைப் பேசுறதுக்கு முன்னாடி, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் இந்த சுவிட்ச் நம்ம போர்டில் இருக்கான்னு கேளுங்க. கம்பத்தில் இருக்கிறவர் உயிர் அந்தக் கைப்பிடியில்தான் இருக்கு.