ஓராண் வழியும் ஈட்டின் வரலாறும்: காஞ்சியில் நின்ற ஒரு தொடர்

ஒரு கோஷ்டியில் ஆசார்யர் ஸாதித்த வார்த்தையை யார் கேட்கலாம், யார் ஏடுபடுத்தலாம், யார் பிறருக்கு வழங்கலாம் என்னும் மூன்று கேள்விகளும் ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் தொடக்கம் முதலே உண்டு. முன்னோர் ஓராண் வழியாக, தகுதி கண்ட ஒருவருக்கு மட்டும் அர்த்தங்களை உபதேசித்து வந்தனர் என்றும், எம்பெருமானார் தம் அருளாலே அந்த வரம்பை நீக்கி ஆசையுடையோர்க்கெல்லாம் வழி திறந்தார் என்றும் மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் அறுதியிட்டுள்ளார். அதே பிரபந்தத்தில் இரண்டு பாசுரங்கள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. திருவாய்மொழியின் ஈடு முப்பத்தாறாயிரப்படி, எம்பெருமானார்க்குப் பிற்பட்ட காலத்ததாயிருந்தும், தலைமுறை தலைமுறையாக ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கே மாறி வந்தது. திறந்த வழி மீண்டும் மூடப்பட்டதா என்னும் ஐயம் இங்கே எழுகிறது. ஈடு காஞ்சியை வந்தடைந்த வரலாற்றில் இதற்கு விடை கிடைக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அர்த்தம் ஸாதித்த கோஷ்டி மிகப் பெரியது. அங்கே வாய்மொழிக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. வந்தவர் எல்லாரும் கேட்டனர். ஆனால் அந்த ஒரே கோஷ்டியிலிருந்து பிறந்த மூன்று ஏடுகள் மூன்று வேறு கதிகளை அடைந்தன. பெரியவாச்சான் பிள்ளை ஆசார்யருடைய நியமனம் பெற்று எழுதியது இருபத்துநாலாயிரப்படி. அது தடையின்றி வழங்கலாயிற்று. நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர் கேட்டதையெல்லாம் தாமாகவே மஹாபாரதத்தின் அளவாக ஒன்றேகால் லக்ஷம் கிரந்தமாக விரித்தெழுதினார். நம்பிள்ளை அதைக் கறையானுக்கு இரையாக்கினார் என்று குருபரம்பரை கூறும். வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டதை இரவில் பட்டோலை கொண்டார். தம் திருமாளிகைக்கு எழுந்தருளிய நம்பிள்ளை அதைக் கண்டு வாசித்து உகந்தார். எனினும் நியமனமின்றி எழுதியதற்காக அதைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். இதுவே ஈடு.

எழுதுவதையே நம்பிள்ளை வெறுத்தார் என்று கொள்வதற்கில்லை. அவருடைய பெயரே ஓர் ஏட்டினால் வந்தது. நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியை நன்கு பிரதி செய்யும்படி நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கையில் ஏடு நீரில் போயிற்று. வரதராஜர் கேட்டதை நெஞ்சிலிருந்து மீண்டும் எழுதினார். சில இடங்களில் மூலத்தினும் சிறந்த அர்த்தங்கள் அமைந்தன. நஞ்சீயர் அதைக் கண்டு பரிந்து, ‘நம்பிள்ளை’ என்று அவரைத் தழுவிக்கொண்டார். மூலம் தொலைந்தது, பிரதி மாறியும் அமைந்தது. ஆயினும் அது பிரமாணமாயிற்று. ஆசார்யருடைய திருக்கண் அதன்மேல் பட்டதே காரணம்.

ஆக, வேறுபாடு வாய்மொழிக்கும் ஏட்டுக்கும் இடையிலுள்ளது. கோஷ்டியில் ஒரு சொல்லைத் தவறாகக் கொண்டவன் அங்கேயே கேட்டுத் தெளியலாம். கேட்பவன் முகம் கண்டு ஆசார்யர் மாற்றியும் ஸாதிக்கலாம். ஓலையில் ஏறிய வார்த்தைக்கு அத்துணை இல்லை. அது தன்னைச் சொன்னவரைப் பிரிந்து தனியே செல்லும். ஒருவர் விரித்தெழுதினால் அவரைக் கண்டு வேறொருவர் தம் மனம் போனபடி விரிப்பார். எம்பெருமானார் திறந்தது உபதேச வழி. நம்பிள்ளை தடுத்தது உடனிருந்து திருத்துவார் இல்லாத ஏட்டின் வழி. இரண்டும் முரண்பட்டவை அல்ல.

நம்பிள்ளை அந்த ஏட்டை ஈயுண்ணி மாதவப்பெருமாளிடம் கொடுத்தருளினார். பிறர்க்கு ஈந்த பின்னரே உண்பவர் என்பது அவருடைய திருநாமத்தின் பொருள். அத்தகையவரும் இந்த ஏட்டைத் தம் குமாரர் பத்மநாபப்பெருமாள் ஒருவருக்கே வழங்கினார். அவர்பால் பெற்றவர் நாலூர்ப்பிள்ளை. அவர் காலத்தில் ஈட்டின் இருப்பிடம் காஞ்சி, பெருமாள் கோயில்.

அந்தக் காலம் ஸம்ப்ரதாயத்துக்குக் கொடியது. 1323-ஆம் ஆண்டளவில் திருவரங்கம் துலுக்கர் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. நம்பெருமாளுடன் புறப்பட்ட பிள்ளை லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியிலே திருநாடு அலங்கரித்தார். நம்பெருமாள் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியது 1371-இல். கூட்டம் கூடிக் கேட்பதற்கு இடமில்லாமற்போன அந்தப் பல ஆண்டுகளில் பெருங்கோஷ்டி கலைந்தது. அமைதியாக ஒருவர் கையில் இருந்த தொடர் அறவில்லை.

ஆயினும் ஓராண் வழிக்கு ஒரு பெரும் குறையுண்டு. அந்த ஒருவர் தளர்ந்தால் முழுவதும் தளரும். திருவாய்மொழிப்பிள்ளை ஈடு கேட்கவேண்டுமென்று காஞ்சிக்கு வந்தபோது இதுவே நேர்ந்தது. தேவப்பெருமாள் ஸந்நிதியில் அர்ச்சக முகமாக, அவருக்கு ஈட்டை உபதேசிக்கும்படி நாலூர்ப்பிள்ளைக்கு நியமனம் ஆயிற்று. முதுமையால் தமக்கு அதற்குச் சக்தியில்லை என்று அவர் விண்ணப்பித்தார். அப்படியாகில் குமாரர் சொல்லட்டும், அவர் சொல்வதும் நீர் சொல்வதும் ஒன்றே என்னும் கருத்துத் தோன்ற மறுமொழி பிறந்தது என்று பூர்வர்கள் கூறுவர். ஒரு முதியவருடைய ஆயுளின் எல்லையிலே வந்து நின்ற தொடர் நாலூராச்சான் பிள்ளை வழியாக உயிர் பெற்றது.

பெருமாள் கோயிலுக்கு இந்த முறை புதிதன்று. ஆலவட்டக் கைங்கர்யம் செய்த திருக்கச்சி நம்பியிடம் இளையாழ்வார், தம் நெஞ்சிலுள்ளவை இவை என்று சொல்லாமலே, பேரருளாளனிடம் விண்ணப்பிக்கும்படி வேண்டினார். நம்பி வாயிலாக வந்த ஆறு வார்த்தைகள் கேள்விகளுக்கு நேரே பொருந்தின. நம்பி அவற்றில் ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இளையாழ்வார் நம்பியையே ஆசார்யராக வரிக்க விரும்பியிருந்தும், வார்த்தை பெரிய நம்பியைக் காட்டிற்று. நம்பி அதை அப்படியே ஸாதித்தார். சொல்லைக் கொண்டுவருபவர் சொல்லுக்கு உரியவராகத் தம்மை எண்ணிக்கொள்ளாமையே நம்பி காட்டிய வழி. ஈட்டைக் காத்த ஒவ்வொருவரிடமும் இதே நிலை காணப்படுகிறது. கையிலிருந்தும் எவரும் அதைத் தம்முடையதாக்கிக்கொள்ளவில்லை.

நாலூராச்சான் பிள்ளையிடம் திருவாய்மொழிப்பிள்ளையுடன் திருநாராயணபுரத்து ஆயி, இளம்பிளிசைப்பிள்ளை ஆகியோரும் கேட்டனர். இதுவரை ஒருவரென்று வந்த பாசுரம் இந்த இடத்தில் மட்டும் மேலோர்க்கு ஈந்ததாகப் பன்மையில் கூறுவது கருதத்தக்கது. ஓராண் வழி விரியத் தொடங்கியது இங்கேதான்.

திருவாய்மொழிப்பிள்ளையிடம் ஆழ்வார்திருநகரியில் ஈட்டைப் பெற்றவர் மணவாள மாமுனிகள் (1370–1443). ‘ஈட்டுப் பெருக்கர்’ என்று அவருக்குப் பெயராயிற்று. அவரும் காஞ்சிக்கு எழுந்தருளி, திருவெஃகாவில் கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டார். ஈட்டில் எடுத்தாளப்பட்ட வசனங்களைத் தேடி ஈட்டுப் பிரமாணத்திரட்டு அருளினார். ஆசார்யர் பக்கத்தில் இல்லாத வாசகனும் தவறாமல் நடப்பதற்கு அத்திரட்டு துணையாயிற்று; ஏட்டைப் பற்றி நம்பிள்ளைக்கிருந்த அச்சத்துக்கு அது ஒரு பரிஹாரம். பின்னர் பரிதாபி வருஷத்து ஆவணியில் தொடங்கி பிரமாதீச வருஷத்து ஆனி மூலம் வரை (1432–33), நம்பெருமாள் திருமுன்பே, எல்லாரும் கேட்க, ஈடு காலக்ஷேபம் நடைபெற்றது.

மூடி வைத்தலும் மறைத்தலும் ஒன்றல்ல. மறைப்பவன் திறக்கும் நாளை எண்ணுவதில்லை. நம்பிள்ளை முதல் நாலூர்ப்பிள்ளை வரை இருந்தோர், தமக்குப் பின் கேட்கத்தக்கவர் வருவர் என்று எண்ணியே காத்தனர். அந்நாள் வந்தபோது காஞ்சியில் முதியவர் ஒருவர் தம் தளர்ச்சியை மறையாமல் சொல்லி, குமாரருக்கு இடம் விட்டு விலகி நின்றார். அந்த விலகலும் ஈட்டின் ஸம்ப்ரதாயத்தில் ஓர் உபதேசமே. இன்று ஈட்டைக் கேட்போர் அனைவரும் அதன் பயனையே அநுபவிக்கின்றனர்.