இராச்சியமா, ஆட்சியா? இறையரசின் வருகை குறித்த கிறித்தவ விளக்கங்களும் தென்னிந்திய நிகழ்வுகளும்

கடவுளின் அரசு எப்போது வரும், எங்கு வரும், எவ்வாறு வரும் என்னும் வினாக்களுக்குக் கிறித்தவச் சமயத்தார் எக்காலத்தும் ஒருமித்த விடை கூறியதில்லை. இவ்விடை வேறுபாடுகள் ஐரோப்பிய இறையியல் வரலாற்றின் ஒரு பகுதியாக விரிவாகவே ஆராயப்பெற்றுள்ளன. அவை மறைப்பணியின் வழியும் மொழிபெயர்ப்பின் வழியும் தென்னிந்தியாவில் வேர்கொண்டபோது நேர்ந்தவை அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. திருவிதாங்கூரில் 1881ஆம் ஆண்டில் கிறித்து மீண்டும் வருவார் என்று எதிர்பார்த்து ஏமாற்றமுற்றோரின் செய்தி, சபை வரலாறுகளில் மிகையுணர்ச்சியின் விளைவாகச் சுருக்கமாகக் கூறி முடிக்கப்படுவது வழக்கம். அவர்கள் கைக்கொண்ட விளக்கமுறை ஐரோப்பியக் கல்வி மரபிற்கு உரியது என்பதும், அம்முறையின் பின்னே தமிழ்ச்சொற்கள் எழுப்பும் ஒரு சிக்கலும் உண்டு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ஆளப்படும் ‘பசிலேயா’ என்னும் சொல் அரசன் ஆளும் நிலத்தையும் குறிக்கும். ஆளுதலாகிய செயலையும் குறிக்கும். அதன் பின்புலத்தில் நிற்கும் எபிரேய, அரமேயச் சொல் வழக்கில் நிலத்தைவிட ஆளும் செயலே முதன்மை பெறும் என்பதைக் குஸ்தாவ் தால்மான் 1898இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். மத்தேயு நற்செய்தி ‘கடவுளின்’ என்பதற்கு மாற்றாகப் பெரும்பாலும் ‘வானங்களின்’ என்று ஆள்கின்றது. கடவுளின் பெயரைச் சொல்லத் தயங்கும் யூத மரபின் இடக்கரடக்கல் போன்ற வழக்கு அது எனப் பலரும் கொள்வர்.

தமிழில் பவர் தலைமையிலான குழு செய்து 1871இல் முழுமையாக வெளிவந்த திருப்புதல் ‘தேவனுடைய ராஜ்யம்’, ‘பரலோகராஜ்யம்’ என்னும் தொடர்களை நிலைபெறச் செய்தது. இராச்சியம் என்றவுடன் தமிழ் வாசகர் உள்ளத்தில் எல்லையுடைய ஒரு நாடே தோன்றும். பரலோகம் என்னும் முன்னொட்டோ அந்நாட்டை இறப்பிற்குப்பின் சென்று சேரும் இடமாக்கிவிடும். மத்தேயுவின் இடக்கரடக்கல் தமிழில் இடப்பெயராகிவிட்டது எனலாம். இதனை மொழிபெயர்ப்பாளரின் பிழை என்பதற்கில்லை. மூலச்சொல்லின் இருபொருளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய இடம் அது.

தொடக்ககால வேறுபாடு

இறந்தோருள் ஒரு பகுதியினர் உயிர்த்தெழுந்து கிறித்துவுடன் ஆயிரம் ஆண்டு ஆள்வர் என்னும் செய்தி, திருவெளிப்பாட்டின் இருபதாம் அதிகாரத்தில் மட்டுமே வருகின்றது. அவ்வொரு பகுதியைச் சொற்பொருளாகக் கொள்வதா, உருவகமாகக் கொள்வதா என்பதில்தான் வழக்குத் தொடங்கியது. எராப்போலி ஆயராகிய பாப்பியா, அவ்வரசில் ஒவ்வொரு திராட்சைக் கொடியும் பதினாயிரம் கிளை விடும் என்பது போன்ற வளமிகு சித்திரங்களைப் போற்றியதை இரனேயு பதிவு செய்கின்றார். நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு அதே பாப்பியாவைச் சிற்றறிவினர் என்று இகழ்ந்தார். இவ்விருவருக்கும் இடையே அரசியல் மாறியிருந்தது; உரோமைப் பேரரசன் திருச்சபையின் புரவலனாகியிருந்தான். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் எழுதிய உரையாடல் நூலொன்று இன்னும் நேர்மையானது. தாம் ஆயிரமாண்டு அரசை நம்புவதாகக் கூறும் அவர், மெய்யான கிறித்தவருள்ளே அதனை ஏற்காதார் பலர் உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அகுஸ்தீன் தம் ‘கடவுளின் நகரம்’ நூலின் இருபதாம் பகுதியில் தாமும் முன்னர் ஆயிரமாண்டுக் கருத்தை உடையவராக இருந்ததை ஒப்புக்கொண்டு, பின் அதனை விலக்கினார். ஆயிரம் ஆண்டு என்பது திருச்சபை இவ்வுலகில் நிலவும் காலமே என்பது அவர் முடிபு. அது முதல் மேலைத் திருச்சபையில் உருவகப் பொருளே நெறியாயிற்று. 1534-35இல் மூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய மறுமுழுக்கினர் புதிய எருசலேமை அங்கு நிறுவ முயன்று குருதிவெள்ளத்தில் அழிந்தனர். அதற்கு முன்பே 1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன் நல்லோர் உலக ஆட்சியைக் கைக்கொள்வர் என்னும் கருத்தைத் தன் பதினேழாம் உறுப்பில் கண்டித்திருந்தது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு முதலியோர் அவ்வறிக்கைக்கு உட்பட்ட லுத்தர் சபையினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கணக்கிடும் கலை

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இரு புதிய போக்குகள் வலுப்பெற்றன. நற்செய்திப் பணியும் கல்வியும் உலகெங்கும் பரவி, அதன் பயனாகவே பொற்காலம் கனியும். கிறித்து அதன் இறுதியில் வருவார் என்பது ஒன்று. பெரிய மிஷன் சங்கங்கள் எழுந்த ஊக்கத்தில் இந்நம்பிக்கைக்குப் பெரும்பங்கு உண்டு. பள்ளியும் அச்சகமும் அதன் கருவிகள். உலகம் சீர்கெட்டுக்கொண்டே செல்லும், கிறித்து திடுமென வந்தபின்னரே ஆயிரமாண்டு ஆட்சி தொடங்கும் என்பது மற்றொன்று. முன்னதைப் பின்வருகைக் கொள்கை என்றும் பின்னதை முன்வருகைக் கொள்கை என்றும் கூறலாம்.

முன்வருகைக் கொள்கையர் பலர் தானியேல், திருவெளிப்பாடு ஆகிய நூல்களின் நாள் கணக்கை ஆண்டுக் கணக்காக மாற்றிக் காலம் குறித்தனர். இதனைக் கல்லாதார் செயலெனக் கருதுவது தவறு. கிரேக்க மூலபாட ஆய்வின் முன்னோடியாகிய பெங்கல் என்னும் செருமானிய அறிஞரே ஆயிரமாண்டு அரசின் தொடக்கத்தை 1836 என்று கணித்தார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர், தானியேல் கூறும் 2300 நாள்களை 2300 ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி 1843-44ஐ அடைந்தார். அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஆம் நாளை இறுதியாகக் குறித்தனர். அந்நாள் வெறுமனே கழிந்தது. அவர்களுள் ஒரு சாரார், அன்று நிகழ்ந்தது விண்ணுலகத் திருவிடத்தில் என்று பொருளை மாற்றிக்கொண்டனர். 1863இல் ஏழாம் நாள் வருகைச் சபை அமைந்தது.

திருநெல்வேலியும் திருவிதாங்கூரும்

இங்கிலாந்தில் பிரதரன் எனப்பட்ட இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். பல் மருத்துவராக ஈட்டிய செல்வத்தைத் துறந்து, ஆண்டவர் விரைவில் வருவார் என்னும் எதிர்நோக்கோடு பாக்தாத் சென்று, 1833இல் இந்தியா வந்தவர். பாளையங்கோட்டையில் இரேனியசிடம் பயின்ற அருளப்பன் (1810-1867) இவரோடு இணைந்தார். மிஷன் சங்கச் சம்பளத்தை ஏலாது, 1840களின் தொடக்கத்தில் கிறித்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்து அங்கிருந்து பணியாற்றினார். வருகை அணித்து என்னும் நம்பிக்கைக்கும் சம்பளம் வேண்டாமைக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. நாளை முடியப்போகும் உலகில் நிலையான அமைப்பும் ஊதிய அட்டவணையும் எதற்கு? வெள்ளையர் நிருவாகத்தினின்று விடுபட்ட சபையை ஒரு தமிழர் நடத்துவதற்கு இவ்விளக்கமே இடந்தந்தது. பின்வருகைக் கொள்கையின் படிப்படியான வளர்ச்சித் திட்டத்திலோ உள்நாட்டுப் பணியாளர் நெடுங்காலம் மாணாக்கராகவே இருக்க நேர்ந்தது.

1860இல் அருளப்பனின் சபைகளில் எழுச்சி தோன்றியது. அந்நிய மொழி பேசுதல், இறைவாக்குரைத்தல், பாவத்தை அறிக்கையிட்டு அழுதல் ஆகியவை அதில் நிகழ்ந்தன. பெண்களும் வாக்குரைத்தனர். ஆங்கிலிக்கன் மிஷனரிமாருள் சிலர் இதனை வரவேற்றனர், சிலர் ஐயுற்றனர். அவர்களையெல்லாம் ஓரணியாக நிறுத்துதலும் பொருந்தாது. சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலராக விளங்கிய எட்வர்ட் பிக்கர்ஸ்டெத்தே 1830களில் முன்வருகைக் கொள்கைக்கு மாறியவர்தாம்.

1870களின் முற்பகுதியில் அருளப்பனின் வழிவந்தோர் மூலம் எழுச்சி திருவிதாங்கூரை எட்டியது. அங்கு அதன் தலைவரானவர் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்து, இராமய்யன் என்னும் பெயருடையவராயிருந்து, 1861இல் திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிக்கன் குருவானவர். ‘வித்வான் குட்டி’ என்னும் பெயரே அவரது புலமைக்குச் சான்று. 1875இல் அவரது குழுவில் எழுந்த இறைவாக்கு ஆறாண்டில், அதாவது 1881இல், கிறித்துவின் வருகை நிகழும் என்றது. மிஷன் அமைப்பு இதனை ஏற்கவில்லை. அவரும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து உணர்வுச் சபையாயினர். சிரியக் கிறித்தவர் பலரும் சேர்ந்தனர்.

1881 கடந்தது. நம்பியோருள் பலர் தத்தம் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் யுயோமயம் என்னும் தனிச்சபையாக அறியப்பட்டனர். பெங்கலின் 1836 ஓர் அறிஞரின் கணக்குப் பிழையாக மன்னிக்கப்பட்டது. மில்லரின் 1844 ஒரு புதிய திருச்சபையின் தோற்றக் கதையாயிற்று. யுஸ்துஸ் யோசேப்பின் 1881 மட்டும் உணர்ச்சி மயக்கமாகப் பதிவாயிற்று. மூன்றிலும் நூல் ஒன்றே, எதிர்நோக்கு ஒன்றே. இறுதியதில் தேதி குறித்தவர்கள் இந்தியர் என்பது அம்மதிப்பீட்டில் பங்கு கொள்ளவில்லை என்று கூற இயலவில்லை.

அவர் குறித்த ஆண்டைத் தள்ளிய சபைகள் அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளைத் தள்ளவில்லை என்பதும் சுவையான செய்தி. மணமகன் ஏன் தாமதிக்கின்றான் என்று மணமகள் ஏங்கும் பாவனையில் அமைந்த அவர் பாடல் கேரளத்தில் சபை வேறுபாடின்றிப் பாடப்பெறுகின்றது. நாயகன்-நாயகி பாவம் தமிழ்ப் பத்தி மரபில் வந்த ஒருவர்க்கு எளிதில் கைவரும். கணக்கு பொய்த்த இடத்தில் ஏக்கம் நிலைத்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டும் புதிய சொற்களும்

இயேசு எதிர்நோக்கியது உலக முடிவில் கடவுள் கொணரும் அரசையே என்று யோகான்னஸ் வைஸ் 1892இலும் ஆல்பர்ட் சுவைட்சர் 1906இலும் வலியுறுத்தினர். சி.எச். தாட் 1935இல் அதனை மறுத்து, இயேசுவின் பணியிலேயே அவ்வரசு வந்துவிட்டது என்றார். இந்தியாவில் செஞ்சையா, சக்கரை முதலியோர், 1938ஆம் ஆண்டுத் தாம்பரம் உலக மிஷன் மாநாட்டை ஒட்டி வெளியிட்ட தொகுப்பில் வேறொரு வினாவை எழுப்பினர். இயேசு அறிவித்தது கடவுளின் அரசாக இருக்க, மிஷனரிமார் நிறுவனத் திருச்சபையை அதன் இடத்தில் வைக்கலாமா என்பது செஞ்சையாவின் கேள்வி. அருளப்பன் வாழ்ந்து காட்டியதை அவர் கோட்பாடாக்கினார் என்று எனக்குத் தோன்றுகின்றது. இருவரும் அடைந்த முடிபு வேறாயினும் தொடங்கிய இடம் ஒன்றே.

லூக்கா நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் அரசு ‘உங்களுக்குள்’ உள்ளதாகப் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக் கூறும். தல்ஸ்தோய் 1894இல் வெளியிட்டதும் காந்தியடிகளை ஆட்கொண்டதுமான நூலின் தலைப்பு இப்பொருளைத் தழுவியதே. கத்தோலிக்கரும் பிறசபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்போ ‘நடுவே’ என்று கொண்டது. அகத்தே நிகழும் அரசு மனிதர்க்கிடையே நிகழ்வதாயிற்று.

அதே மொழிபெயர்ப்பு ‘ராஜ்யம்’ என்பதை விலக்கி ‘இறையாட்சி’, ‘விண்ணரசு’ என்னும் சொற்களை ஏற்றது. ‘இறை’ பழந்தமிழில் அரசனையும் குறிக்கும்; திருக்குறளின் ‘இறைமாட்சி’ அரசனைப் பற்றிய அதிகாரமே. கடவுளும் அரசனும் ஒரு சொல்லில் அமைவதால் ‘இறையாட்சி’ பொருத்தமான ஆக்கம் என்பதில் ஐயமில்லை. தால்மான் கூறிய செயற்பொருளும் அதில் விளங்குகின்றது. ஆயினும் அது நடுநிலையான சொல்லன்று. நிலத்தை விலக்கி ஆளுகையைத் தேர்ந்ததனால், மண்ணின்மீது ஒரு புதிய நாடு வரும் என்று காத்திருந்தோரின் பொருளுக்கு அதில் இடமில்லை. மூலத்தில் செல்வர் அவ்வரசினுள் ‘நுழைதல்’ அரிது என்னுமிடத்தில் இத்தேர்வின் இடர் புலனாகின்றது. ஆட்சிக்குள் நுழைதல் தமிழ் வழக்கன்று. ஆகவே மாற்கு நற்செய்தியில் அது இறையாட்சிக்கு ‘உட்படுதல்’ ஆயிற்று. மத்தேயு நற்செய்தியில் அதே கூற்று விண்ணரசில் ‘புகுதல்’ என்றே உள்ளது. உட்படுவோர் குடிமக்கள், புகுவோர் வழிநடந்து வந்தோர்.