வலங்கையும் இடங்கையும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் மைசூரில் வெளியான கன்னட நாளேடுகளின் முதற்பக்கத்தில், ‘எடகை’, ‘பலகை’ என்னும் இரு சொற்கள் நாள்தோறும் இடம்பெற்றன. பட்டியல் இனத்தவர்க்குரிய 17 விழுக்காட்டு ஒதுக்கீட்டினை எடகையினர்க்கு 6, பலகையினர்க்கு 6, ஏனையோர்க்கு 5 எனப் பகுத்தளிக்கக் கருநாடக அமைச்சரவை முடிவு செய்திருந்தது. தமிழ் இல்லங்களில் இச்செய்தியைப் படித்தோர் சிலர், இவை ஏதோ இடதுசாரி, வலதுசாரிக் கட்சிகள் போலும் என்று எண்ணினர். தமிழ் எழுத்தில் எழுதினாலோ ‘பலகை’ என்பது மணைப்பலகையாகி நகைப்பூட்டும். ஆயின் இவை நம் முன்னோர் நாவில் புழங்கிய சொற்களே. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் பகரத்தில் தொடங்குதல் இயல்பு. வில் என்பது அங்கே பில்லு, வேர் என்பது பேரு. அவ்வாறே நம் வலங்கை அங்கே பலகை. நம் இடங்கை எடகை.

வலக்கை சோற்றாங்கை ஆனதும், இடக்கையால் ஒரு பொருளை நீட்டும் குழந்தையைப் பாட்டி அதட்டுவதும் நாம் அறிந்தவையே. வலம் என்னும் சொல்லுக்கே வலிமை, வெற்றி என்ற பொருள்கள் உண்டு. இடம் என்பதற்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஓர் உடலின் இரு கைகளை வைத்து ஒரு சமுதாயத்தையே இரண்டாகப் பிரித்த வரலாறு, தமிழகத்திலும் கருநாடகத்திலும் ஏறத்தாழ 900 ஆண்டுகள் நிலவியது.

வலங்கை என்னும் பெயர் முதலில் படைப்பெயராகவே தோன்றுகிறது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனின் வலங்கைப் படைகள் பல குறிக்கப்பெறுகின்றன. அச்சோழர் படையே 1004ஆம் ஆண்டையொட்டிக் கங்கபாடியைக் கைக்கொண்டது. நம் ஊருக்கு அண்மையில் காவிரிக்கரையில் மணல் மூடிக் கிடக்கும் தலைக்காடு அன்று இராசராசபுரம் ஆயிற்று. நாடு முடிகொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனை மீட்கும் வரை, இம்மண்ணில் தமிழ் ஆட்சிமொழியாகவும் விளங்கிற்று. கோலார் மாவட்டத்து முள்பாகல் வட்டத்தில் 1072ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று உண்டு. பதினெண் விஷயத்து வலங்கைப் பெரும்படையினர் பொறித்தது அது. பசுவுக்கும் எருமைக்கும் சோழர் காலந்தொட்டு வரியில்லை. ஆதலால் இங்கும் வரி செலுத்துவதில்லை என்பது அவர்கள் செய்துகொண்ட முடிவு. வாளேந்தியவர்கள் மாட்டு வரியைப் பற்றிப் பேசுகின்றனர்! படைவீரர்கள் குடியமர்ந்து குடிமக்களானதன் அடையாளமாகவே நாம் இதனைக் கொள்கிறோம்.

அதே காலத்தில் சோழநாட்டில் நிலைமை வேறாக இருந்தது. முதலாம் குலோத்துங்கனின் இரண்டாம் ஆட்சியாண்டில் இராசமகேந்திர சதுர்வேதிமங்கலத்தில் வலங்கையாரும் இடங்கையாரும் மோதினர், ஊர் எரியுண்டது, கோயிற் பண்டாரமும் கொள்ளை போயிற்று. அரசன் காதைப் பேசும் நூல்களில் இத்தகைய செய்தி எளிதில் கிட்டாது.

1218ஆம் ஆண்டில், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள ஊற்றத்தூரில் இடங்கை 98 குலத்தார் கூடித் தம் பிறப்பு வரலாற்றைக் கல்லில் வெட்டுவித்தனர். காசிப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்தில் தோன்றியவர்கள் தாங்கள் என்றும், இனி ஒரு தாய் மக்களைப்போல் நன்மை தீமைகளைப் பகிர்ந்துகொள்வதாகவும் அதில் கூறினர். தாழ்வு சுமத்தப்பெற்றோர் தமக்கோர் உயர்பிறப்பைத் தாமே எழுதிக்கொண்டனர் என்க.

எனினும் இரு கைகளும் எக்காலமும் அடித்துக்கொண்டே இருந்தன என்று எண்ணற்க. 1429ஆம் ஆண்டில், விசயநகர ஆட்சியின்போது, அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சுமத்திய முறையற்ற வரிகளை வலங்கை 98 குலத்தாரும் இடங்கை 98 குலத்தாரும் ஒருங்கே கூடி மறுத்தனர். ஒடுக்குவோர்க்குத் துணைபோகும் தம்மவரைத் தண்டிக்கவும் உறுதிபூண்டனர். சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமா இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த மறு ஆண்டில், ஆங்கில மருத்துவர் பிரான்சிசு புக்கானன் மைசூர் நாடெங்கும் பயணம் செய்தார். பலகை 18 பிரிவு, எடகை 9 பிரிவு எனக் கேட்டறிந்து எழுதிவைத்தார். அப்பட்டியல் விந்தையானது. ஒற்றை மாடு பூட்டிச் செக்காட்டுவோர் பலகை. இரட்டை மாடு பூட்டுவோர் எடகை! பலகைப் பட்டியலில் உழவரோடு சமணரும், குசராத்தி வணிகரும், இசுலாமிய வணிகரும் கூட உள்ளனர். எடகைக்குத் தலைமை தாங்கியோர் கம்மாளராகிய பாஞ்சாலர்; களத்தில் நின்று மோதியவர் மாதிகர். பலகைக்குத் தலைமை பணசிகர். அவர்க்காகக் குருதி சிந்தியவர் ஹொலெயர். தலைமை வணிகர்க்கும் வினைஞர்க்கும், தடியடி ஏழை எளியவர்க்கும் என்பதைப் படிப்போர் கவனித்தல் வேண்டும்.

சண்டை எதற்காக? திருமணப் பந்தலுக்குப் பன்னிரண்டு கால் நடும் உரிமை எவர்க்கு. ஊர்வலத்தில் குதிரை ஏறலாமா. அனுமன் கொடி பிடிக்கலாமா. இவற்றுக்காகவே மண்டை உடைந்தது. மைசூர் நாட்டில் நெடுநாள் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, தோற்றொழிலாளி ஒருவர் தலைப்பாகையில் செந்நிறப் பூச்சூடி விழாவுக்கு வந்ததால் மூண்ட கலகத்தைத் தம் நூலில் விவரிக்கிறார். சென்னையிலும் 1652இலும் 1707இலும் இவ்வழக்கு முற்றிக் கலகமாயிற்று. ஆளுநர் பிட்டு காலத்தில் இருசாரார்க்கும் தனித்தனித் தெருக்களை வரையறுக்க வேண்டியதாயிற்று.

இப்பிரிவைக் காஞ்சியில் காளியே செய்தாள் என்றும், விதிகளைப் பொறித்த செப்பேடு அங்கு உளது என்றும் இரு சாராரும் புக்கானனிடம் கூறினர். ஒன்றுக்கொன்று நேர்மாறான உரிமைகளை இருவரும் அவ்வொரே செப்பேட்டின்மேல் ஏற்றிச் சொல்லவே, அப்படியொரு செப்பேடு இருப்பதே ஐயம் என்று அவர் எழுதினார்.

தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்பிரிவு தேய்ந்து மறையலாயிற்று. செல்வமும் கல்வியும் பெற்றோர் புதிய சாதிச் சங்கங்களை நாடினர். பழைய கைகளை உதறினர். கருநாடகத்தில் வணிகரும் கம்மாளரும் விலகிக்கொள்ள, அன்று முன்னணியில் நின்று அடிபட்ட இரு மக்களிடம் மட்டும் அப்பெயர்கள் தங்கிவிட்டன. அவ்விருவருள் யாருக்கு எவ்வளவு என்பதே 2025இல் அமைச்சரவை முன் நின்ற வினா. வேறொருவர் கொடிக்காகவும் பந்தற்காலுக்காகவும் பட்ட அடி, இன்று பள்ளி இடமாகவும் அரசுப் பணியாகவும் கணக்கிடப்படுகிறது. அக்கணக்கை நாம் குறைகூற மாட்டோம்.

புக்கானனின் எடகைப் பட்டியலில் பேரிச் செட்டிகளும், கருநாடகம் சாராத குடிகள் என்று அவர் குறித்த பள்ளி உழவரும் உள்ளனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் இந்நாட்டில் உளர். நீங்கள் எந்தக் கை என்று அவ்வீட்டு இளைஞரை வினவினால், பேனா பிடிக்கும் கையைத் தூக்கிக் காட்டுவர்.